அசையாமைச் சான்றிதழ்

எங்கள் பகுதி மருத்துவ மையத்தில் ஒழுங்கு தவறித் துடித்த இதயம் இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. நானாகச் சொல்லவில்லை. வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்து மாட்டியிருந்தார்கள். பலகையைத் துடைக்கவென்றே ஓர் ஆள் இருந்தார். மற்ற மையங்களில் எல்லாம் வயதானவர்களின் இதயம் கண்டபடி துடித்துக்கொண்டிருக்க, எங்கள் ஆட்களுடையது மட்டும் அணிவகுப்பில் நடப்பதுபோல நடந்தது. இதற்காகப் பெரிய டாக்டருக்கு ஏற்கெனவே இரண்டு கேடயங்கள் கிடைத்திருந்தன. மூன்றாவது கிடைக்கவிருந்த நாளில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லும்போது என் குரலில் சந்தோஷம் தெரிந்தால் மன்னிக்க வேண்டாம். அது சந்தோஷம்தான்.

முதலில் அந்தச் சாதனை எப்படிச் சாத்தியமாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். மையத்தில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு மெஷின் இருந்தது. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால், அது உப்பி, இறுக்கி, பெருமூச்சு விட்டு ஓர் எண்ணைக் காட்டும். துடிப்பு சீராக இருந்தால் பச்சை விளக்கு எரியும். தாறுமாறாக இருந்தால் சிவப்பு எரிந்து, எண்ணுக்குப் பதிலாக ‘பிழை’ என்று வரும். மெஷினோடு வந்த குறிப்பில், சிவப்பு எரிந்தால் நோயாளி அசைந்திருக்கலாம், அல்லது அவருடைய இதயத்துடிப்பே ஒழுங்கற்று இருக்கலாம், மருத்துவர் கவனிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பெரிய டாக்டர் இந்த வாக்கியத்தை ‘அசைந்திருக்கலாம்’ வரைக்கும் படித்தார். அதற்குள் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் மையத்தின் விதி. சிவப்பு எரிந்தால் நோயாளி அசைந்துவிட்டார். மறுபடி எடுக்க வேண்டும். மூன்று தரம் எடுத்தும் சிவப்பு என்றால் அவர் மூன்று தரம் அசைந்திருக்கிறார். அடங்கும்வரை அடங்குமிடத்தில் உட்கார வேண்டும். அடங்குமிடம் என்பது வராந்தாவின் கோடியில் கிடந்த ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவரில் அலையே இல்லாத ஓர் ஏரியின் படம். அங்கே பேசக் கூடாது, இருமக் கூடாது, முடிந்தவரை வீட்டை நினைக்கக் கூடாது. பச்சை எரிந்த அளவு மட்டுமே கம்ப்யூட்டரில் ஏறும். சிவப்பு என்பது நடக்காத ஒன்று. இப்படித்தான் எங்கள் பகுதி இதயங்கள் அத்தனையும் சீரடைந்தன.

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். லிஃப்டில் அபாய மணி அடித்தால், அது அடிப்பதை நிறுத்தும்வரை ஓரமாக உட்கார வைத்து ஏரிப் படம் காட்டும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. ஆனால் எங்களுக்கெல்லாம் யார் கேடயம் கொடுக்கிறார்கள்?

என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாமா, மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர். அக்கா அங்கேயே தராசு பிடிப்பாள். வெங்காய மூட்டைமேல் ஏறி நின்று மாமா, “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று இழுத்தால், கேட்டுக்கு வெளியே லாரியில் தூங்கும் டிரைவர் எழுந்து உட்காருவான். “மூணு தரம்!” என்று சொல்லி மூட்டையில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விடுவார். அதோடு முடிந்தது. அதற்குமேல் எந்தக் கொம்பனும் வாயைத் திறக்க முடியாது. வீட்டிலும் அதே குரல்தான். குளியலறையிலிருந்து சோப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வருவார்.

ஒருநாள் ஏலத்தின் நடுவே மாமா மூட்டையிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொண்டைக் குழியில் இரண்டு விரலை அழுத்திக்கொண்டு, இரண்டு தடவை இருமினார். பக்கத்தில் நான்தான் இருந்தேன், உருளைக்கிழங்கு வாங்க வந்தவன்.

“உள்ள ஒரு தவளை கெடந்து குதிக்குதுடா,” என்றார். “குதிக்கட்டும், வேணாங்கல. ஒரு ஒழுங்கா குதிக்கணும்ல? இது இஷ்டத்துக்குக் குதிக்குது.”

“மூட்டை மேல ஏறி ஆடுனா தவளை குதிக்காம என்ன பண்ணும்?” என்றாள் அக்கா. கிண்டல்தான், ஆனால் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

மையத்தில் பட்டை கட்டுகிற நர்சை எல்லோரும் பிரஷர் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. விதியை மீறினால் தன் வேலை போய்விடும் என்று பயந்தவர். பயந்து பயந்து, கடைசியில் விதியை நம்பவே ஆரம்பித்துவிட்டவர். மாமாவின் கையில் பட்டையைக் கட்டினார். சிவப்பு எரிந்தது.

“அசைஞ்சிட்டீங்க.”

“இல்லம்மா, நான் அசையலை.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. மறுபடி கட்டறேன், கல்லு மாதிரி இருங்க.”

மாமா கல்லு மாதிரி இருந்தார். மூன்று தரமும் சிவப்பு. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாமா ஏரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தவளை தானாகவே குதிப்பதை நிறுத்தியது. அந்த நோயே அப்படித்தானாம், வரும், போகும். பட்டையைக் கட்டினார்கள், பச்சை எரிந்தது. “பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல,” என்றார் சிஸ்டர். ஒன்றுமே இல்லை என்று கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்.

அடுத்த முறை தவளை வந்தபோது மையம் முன்னேறியிருந்தது. அசைகிறவர்களின் கைமேல் வைக்க மணல் மூட்டை தைத்து வைத்திருந்தார்கள். மாமாவின் கையில் மணல் மூட்டை ஏறியது. சிவப்பு. காலிலும் ஒன்று ஏறியது. சிவப்பு. “உங்களுக்கு அடிப்படைப் பயிற்சியே இல்ல,” என்று சொல்லி மாமாவை அசையாமை வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பு மாடியில். மூச்சு வாங்குகிறவர்கள் படியேறித்தான் போக வேண்டும். லிஃப்ட் இருந்தது, ஆனால் அதில் ஏறினால் உடம்பு அசையும் என்று பூட்டிவிட்டார்கள். லிஃப்டைப் பூட்டச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான்தான் பூட்டினேன், என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல?

வகுப்பு நடத்தியவர் முன்பு ஜவுளிக்கடைகளில் பொம்மைகளை நிறுத்தி வைக்கும் வேலை பார்த்தவர். “என் பொம்மைங்க ஒண்ணாவது அசைஞ்சு பாத்திருக்கீங்களா?” என்று கேட்பாராம். பாடத்தின் முடிவில் மாமா முதல் மாணவராகத் தேறினார். ‘அசையாமையில் தேர்ச்சி பெற்றவர்’ என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே வந்து பட்டையை மாட்டிக்கொண்டார். சிவப்பு எரிந்தது.

“சான்றிதழ் வாங்கியும் அசையறீங்களே, கொஞ்சமாவது நன்றி வேணாமா?” என்றார் சிஸ்டர்.

அன்றைக்குத்தான் சின்ன டாக்டர் உள்ளே வந்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண். மையத்தின் வழக்கங்கள் இன்னும் பிடிபடாதவர். அதனால் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். மாமாவின் மணிக்கட்டை எடுத்து மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“இவர் அசையலை,” என்றார் சின்ன டாக்டர். “இதயம்தான் தாறுமாறா துடிக்குது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா இருக்கணும். இதயத்தோட மேலறை ஒழுங்கா சுருங்காம சும்மா நடுங்கும். அப்ப உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சு, ஒரு கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். உடனே ஒரு ஈ.சி.ஜி. எடுத்து உறுதி பண்ணிட்டு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிக்கணும். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. இங்கயே பண்ணலாம்.”

இந்த வார்த்தைகளை நான் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை, இங்கேயே பண்ணலாம்.

பெரிய டாக்டருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வந்தார். உயரமான மனிதர், பேச ஆரம்பிக்குமுன் மைக் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும் வழக்கம். மைக் இல்லை. ஆனாலும் பேசினார்.

“டாக்டர், விரல் ஒரு கருவியா? அதுக்குத் தரச் சான்று இருக்கா? உங்க விரலைப் போன வருஷம் யாராவது சோதிச்சு முத்திரை குத்துனாங்களா?”

“சார், நாடி பாக்கறது...”

“நம்மகிட்ட ஈ.சி.ஜி. மெஷின் இருக்கு. வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே புதுசா இருக்கு. ஏன் தெரியுமா? அதை நாம தொடறதில்ல. பச்சை எரிஞ்சவங்களுக்குத்தான் அடுத்த பரிசோதனைன்னு விதி. பச்சை எரிஞ்சவங்களுக்கு அடுத்த பரிசோதனை தேவையில்ல. எவ்வளவு மிச்சம் பாருங்க!”

“இவருக்கு மாத்திரையாவது...”

“மாத்திரை குடுத்தா காரணம் எழுதணும். காரணம் எழுதுனா வாசல்ல இருக்கற பலகையைக் கழட்டணும். ஒரு ஆளோட இதயத்துக்காக மொத்த மையத்தோட இதயத்தையும் உடைக்கச் சொல்றீங்களா?”

சின்ன டாக்டரை அன்று மாலையே தடுப்பூசி அறைக்கு மாற்றிவிட்டார்கள். குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. குளிர்ப்பெட்டிக்கு நாடி கிடையாது என்பதால் அது பாதுகாப்பான இடம்.

அக்கா விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்கிறோம், ஒரு பரிந்துரைக் கடிதம் மட்டும் கொடுங்கள் என்று பெரிய டாக்டரின் அறை வாசலில் நின்றாள். அந்தக் கடிதம் இல்லாமல் அங்கே இதயப் பிரிவுக்குள் விடமாட்டார்கள்.

“தாராளமா தர்றேம்மா,” என்றார் அவர். “அளவு எடுத்த நோயாளிக்குத்தான் கடிதம் தரலாம். அவருக்குப் பச்சை எரியட்டும், உடனே கையெழுத்து.”

“பச்சை எரிஞ்சப்ப கேட்டேனே சார். ஒண்ணும் இல்லாதவருக்கு எதுக்குக் கடிதம்னீங்க.”

“ஆமா. அதுவும் சரிதானே?” என்று சிரித்தார். தொண்டைக் குழியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, இரண்டு தடவை இருமினார். “காபி அதிகமாயிடுச்சு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அது ஒன்றுமாகப் படவில்லை. அக்கா மட்டும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த முறை தவளை வந்தபோது மாமா மூட்டைமேல் இருந்தார். “ரெண்டு தரம்” வரைக்கும் கூவிவிட்டு இறங்கிவிட்டார். மையத்தில் மறுபடி பட்டை, மணல் மூட்டை, சிவப்பு, பெஞ்சு. சிஸ்டர் ஒவ்வொரு முறையும் “அசைஞ்சிட்டீங்க” என்றார். மாமா ஒவ்வொரு முறையும், “நான் அசையலைம்மா,” என்றார். மார்க்கெட்டே அதிரும் அந்தக் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை சொல்லும்போது நாக்கு குழறியது. பெஞ்சில் அவர் வாய் ஒரு பக்கமாக இறங்கியது. வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. “என்னங்க! என்னங்க!” என்று அக்கா உலுக்கினாள்.

“அவரை ஆட்டாதீங்க,” என்று சிஸ்டர் ஓடி வந்தார். தொங்கிய கையைத் தூக்கி மேசைமேல் வைத்துப் பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்கினார். அந்தக் கை கொஞ்சமும் அசையவில்லை. நாசமாய்ப் போன தவளையும் அதே நேரம் பார்த்து அடங்கியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“பாத்தீங்களா,” என்றார் சிஸ்டர், உண்மையான மகிழ்ச்சியோடு. “இப்ப எவ்வளவு அழகா இருக்காரு!”

நான் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் ஒர்க்‌ஷாப் வேனில் இரும்புக் கயிறுகளுக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கவாதத்தோடு வந்தவரை உள்ளே விட அங்கே கடிதம் கேட்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சின்ன டாக்டரின் விரல் சொன்னதுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதினார்கள். உளுந்து அளவு மாத்திரை. “இதைக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்,” என்று அந்த டாக்டர் சொன்னபோது, அவரை அடிக்கலாமா, அவர் காலில் விழலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

உயிர் பிழைத்தார். வலப்பக்கக் கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. சில பேருக்கு அப்படி ஆகுமாம். பேச்சு பறிபோகும் நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுமாம்.

“சாப்பிடறீங்களா?” என்று அக்கா கேட்பாள்.

“அசையலை.”

“வலிக்குதா?”

“அசையலை.”

மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனபோது பழைய ஆட்கள் எல்லாம் சுற்றி நின்று நலம் விசாரித்தார்கள். புதிதாகக் கூவ வந்தவன் தடுமாறுவதை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்ட, “அசையலை, அசையலை,” என்றார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அக்கா தராசுத் தட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

புகார் கொடுக்கப் போனோம். பெரிய டாக்டர் எங்களை உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா உண்மையைப் பாக்கணும். இங்கேருந்து கிளம்புறப்ப அவரோட கடைசி அளவு பச்சை. சாதாரணப் பச்சை இல்ல, மையத்துல இதுவரைக்கும் எடுத்ததுலயே மிகச் சிறந்த அளவு. வெளிய போய் அவருக்கு ஏதாவது ஆயிருந்தா, அது வெளிய.”

“அவரு பெஞ்சுலயே விழுந்துட்டாரு,” என்றேன் நான்.

“பெஞ்சுல உக்கார்ந்திருந்தப்ப அவர் அசையவே இல்லன்னு சிஸ்டர் சொன்னாங்க. அதைத்தான் இத்தனை நாளா அவர்கிட்ட கேட்டோம்.” தொண்டைக் குழியை அழுத்தி, இருமிக்கொண்டார். நெற்றியைத் துடைத்தார். “உண்மையைச் சொன்னா, உங்களைக் கூப்பிட்டு அனுப்பணும்னே இருந்தேன். தரக்குழுத் தலைவர் வர்றாரு. மூணாவது கேடயம். விழாவுல, எங்க பயிற்சியால பயனடைஞ்சவர்னு உங்க வீட்டுக்காரரை முன் வரிசையில உக்கார வைக்கலாம்னு ஆசை. அவருக்காக நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்களேன்.”

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“பேசறேன் சார்,” என்றாள். “கண்டிப்பா பேசறேன்.”

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். “உனக்கு வெக்கம், சூடு, சொரணை எதுவுமே இல்லையா?”

“எல்லாம் இருக்குடா தம்பி. அதனாலதான் போறேன்.” அக்கா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

விழா அன்று மையத்தின் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெரிய டாக்டர், தரக்குழுத் தலைவர், ஒரு மேசைமேல் கேடயம். மேடையின் ஓரத்தில், சாதனையை விளக்கும் காட்சிப் பொருளாக, மெஷினும் மணல் மூட்டையும் அடங்குமிடத்துப் பெஞ்சும் ஏரிப் படமும். முன் வரிசையில் சக்கர நாற்காலியில் மாமா; மடியில் அவருடைய சான்றிதழ், அவர்களே வைத்தது. கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்ற சின்ன டாக்டர், குளிர்ப்பெட்டியை விட்டுவிட்டு வந்ததற்காக ஏற்கெனவே ஒருமுறை முறைக்கப்பட்டிருந்தார்.

பெரிய டாக்டர் பேசினார். பேச்சு நீண்டது. “ஒழுங்கீனத்துக்கு எங்கள் மையத்தில் இடமில்லை. ஒழுங்கீனம் எங்கள் வாசலில் வரும். நாங்கள் அதை உட்கார வைப்போம். அது ஒழுங்காகும்வரை அதை நாங்கள் பார்க்க மாட்டோம். பார்க்க மறுக்கும் மன உறுதிதான் மருத்துவம்.” தரக்குழுத் தலைவர் கைதட்டவென்றே பிறந்தவர், தட்டினார். பேச்சின் நடுவே பெரிய டாக்டர் இரண்டு முறை நிறுத்தி இருமினார். கை தொண்டைக் குழிக்குப் போய்ப் போய் வந்தது. முகம் வேர்த்திருந்தது.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு, தராசில் நிறுப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“இந்த மையம் எங்களுக்குச் செஞ்சதை நாங்க உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டோம். அய்யா தரத்தைப் பாக்க வந்திருக்காரு. சொன்னா போதுமா? கண்ணால பாக்கணும். பெரிய டாக்டரே பட்டையைக் கட்டிக் காட்டட்டும். பச்சை விளக்கு எப்படி எரியுதுன்னு அய்யா பாக்கட்டும்.”

தரக்குழுத் தலைவருக்கு ஒரே ஆனந்தம். “பிரமாதம்! பிரமாதம்!” கூடமே தட்டியது. பெரிய டாக்டர், “இப்ப எதுக்கு... நேரமாச்சு...” என்றார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. பிரஷர் சிஸ்டர் ஏற்கெனவே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிவப்பு எரிந்தது.

“சார், அசைஞ்சிட்டீங்க,” என்றார் சிஸ்டர். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

மறுபடி கட்டினார். சிவப்பு. மணல் மூட்டையை வைத்தார். சிவப்பு. தரக்குழுத் தலைவர் முன்னால் சாய்ந்து, “முதல் தடவைங்கறதால கொஞ்சம் பதற்றம் போல. வகுப்புக்குப் போயிருக்கீங்களா?” என்று பரிவோடு கேட்டார்.

“சார், பெஞ்சுக்கு வாங்க,” என்று சிஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்தார். நாலு பேர் பார்க்க, பெரிய டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே ஏரி. அவர் டாக்டர், நெஞ்சுக்குள் குதிப்பது என்னவென்று அந்தக் கூடத்தில் எங்களையெல்லாம்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அது என்ன செய்யும் என்பது முன் வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. உதடு வெளுத்து நடுங்க, “சிஸ்டர், ஈ.சி.ஜி. எடு,” என்றார் மெல்ல.

“பச்சை எரிஞ்சவங்களுக்குத்தான் சார் ஈ.சி.ஜி. நீங்க எழுதுனதுதானே.”

“நான்தான் எழுதினேன்! நானே சொல்றேன், எடு!”

“பேசக் கூடாது சார். பேசினா அடங்காது.”

“நான் அசையலை!” என்று கத்தினார் பெரிய டாக்டர்.

“எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க.”

அவருக்காகப் பேச அங்கே ஒரு ஆள் இல்லை. அவர் வளர்த்த சிஸ்டர் நம்பவில்லை. கேடயம் கொண்டுவந்தவர் நம்பவில்லை. அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு காலத்தில் லாரி டிரைவரை எழுப்பிய குரல்.

“அசையலை,” என்றார் மாமா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய டாக்டரும் பார்த்தார். முதல் தடவையாக, கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, மாமாவைப் பார்த்தார்.

பின்சுவரிலிருந்து சின்ன டாக்டர் ஓடி வந்தார். பெரிய டாக்டர் தன் மணிக்கட்டை அவரிடம் நீட்டினார். தரச் சான்று இல்லாத, முத்திரை குத்தாத அந்த மூன்று விரலுக்காகப் பிச்சைக்காரன்போல நீட்டினார். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றாள் சின்ன டாக்டரிடம். பிறகு மைக்கைப் பெரிய டாக்டரின் வாய்க்கு நேரே நீட்டினாள். “நீங்க சொன்னது பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல. எங்க வீட்டுக்காரரு மூணு தரம் சொன்னாரு. நீங்களும் சொல்லுங்க.”

“நான்... அசையலை.”

“ஒரு தரம்,” என்றாள் அக்கா. மார்க்கெட்டில் மாமா இழுப்பதுபோலவே இழுத்தாள்.

“நான் அசையலைம்மா. இதயம்தான்...”

“ரெண்டு தரம்.”

“நான் அசையலை. அவரும் அசையலை. யாருமே அசையலை!” என்று அழுதார் பெரிய டாக்டர். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்க, வாசல் பலகை வரைக்கும், கொண்டுபோய்ப் போட்டது.

அக்கா முன் வரிசையைப் பார்த்தாள். மாமா மடியிலிருந்த சான்றிதழை நாற்காலிக் கைப்பிடிமேல் தூக்கி வைத்தார். இடது கையை உயர்த்தினார். அவருக்கு மிச்சமிருந்தது அதுதான். உயர்த்தி, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். கண்ணாடிச் சட்டம் நொறுங்கியது.

“மூணு தரம்,” என்றாள் அக்கா, வழியை விட்டு விலகினாள்.

சின்ன டாக்டர் நாடி பார்த்தார், புது மெஷினின் உறையைப் பிரித்து ஈ.சி.ஜி. எடுத்தார், மாத்திரை கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். ஒன்றும் பெரிய வித்தை இல்லை, அங்கேயே பண்ணினார். பெரிய டாக்டருக்குக் கை விளங்குகிறது, வாய் விளங்குகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது. தரக்குழுத் தலைவர் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டியதையும், பலகை துடைக்கும் ஆளே பலகையைக் கழற்றியதையும் நான் என் கண்ணால் பார்த்தேன். மாமாவுக்கு நடந்ததைப் பற்றி அடுத்த வாரம் விசாரணை ஆரம்பமாகிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் நான் அக்காவிடம் கேட்டேன். “இன்னும் கொஞ்ச நேரம் பெஞ்சுலயே உக்கார வச்சிருக்கலாம்ல? ஏன் விட்ட?”

அக்கா மாமாவின் கையில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளுக்கு வாய் போயிடுச்சுன்னா,” என்றாள், “விசாரணையில யாருடா பதில் சொல்றது?”